மதுரைப் பக்கத்து மருந்து ஆலைக்கு மூத்த அதிகாரியைத் தேடுவதும் தக்கவைப்பதும்: முழுமையான வழிகாட்டி

இது மதுரையைச் சுற்றி மருந்து ஆலை நடத்தும் குடும்ப நிறுவனங்களுக்கு எழுதியது. கப்பலூர், உறங்கான்பட்டி போன்ற தொழிற்பேட்டைகளிலும் விருதுநகர், திண்டுக்கல் சாலைகளிலும் நூறிலிருந்து ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்திருக்கிறேன். ஆலைத் தலைவர், தரப்பிரிவுத் தலைவர், விற்பனைத் தலைவர், தலைமைச் செயல் அதிகாரி போன்ற நாற்காலிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில்.

நான் சேர்த்துவிட்டவர்களில் சிலர் ஓராண்டுக்குள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். பின்னால் போய் விசாரித்தபோது சம்பளம் காரணமாக இருந்தது அபூர்வம். நிறுவனம் முதலில் ஆளைப் பிடித்திருக்கும், பிறகு சம்பளம் பேசியிருக்கும், கடைசியில்தான் அவருக்கு என்ன அதிகாரம் என்று யோசித்திருக்கும். கீழே உள்ள வரிசை இதைத் திருப்பிப் போடுகிறது. படிகளை இடம் மாற்றிச் செய்தால் பலன் இருக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உற்பத்தி உரிமங்களின் நகல்களையும், அவற்றில் பெயர் ஏறியிருக்கும் தொழில்நுட்ப அலுவலர்களின் பட்டியலையும் எடுத்து வையுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அரசு ஆய்வாளர்களும் சரக்கு வாங்கும் நிறுவனங்களின் தணிக்கையாளர்களும் எழுதிவிட்டுப் போன குறைகள், அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதில்கள், இந்த ஆண்டின் பராமரிப்புச் செலவுத் திட்டம் ஆகியவையும் வேண்டும். நல்ல ஆள் இரண்டாவது சந்திப்பிலேயே இவற்றைக் கேட்பார். அப்போது தேடிக்கொண்டிருந்தால் அவர் அதையும் ஒரு குறையாகக் குறித்துக்கொள்வார்.

அடுத்தது குடும்பக் கூட்டம். இதைத் தவிர்க்கவே எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு நிறுவனத்தில் மூன்று சகோதரர்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த ஆலைத் தலைவருக்கு மதிய உணவு போட்டார்கள். இலையில் சாம்பார் ஊற்றும்போது பெரியவர், "நீங்கள் என்னிடம் மட்டும் பேசினால் போதும்" என்றார். ரசம் வந்தபோது நடுச் சகோதரர், "கொள்முதல் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு" என்றார். கை கழுவும் இடத்தில் இளையவர் தனியாகப் பிடித்து, "தினமும் மாலையில் எனக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்" என்றார். வந்தவர் மோருக்கு நிற்கவில்லை. யார் ஒருவரிடம் அவர் பதில் சொல்ல வேண்டும், மகனும் மாப்பிள்ளையும் ஆலையில் எங்கே நிற்பார்கள் என்பதைக் குடும்பம் முடிவு செய்து எழுதும் வரை தேடலைத் தொடங்காதீர்கள்.

1. பதவிப் பெயரை விட்டுவிட்டுக் குறையிலிருந்து தொடங்குங்கள்

"எங்களுக்கு ஒரு தலைமைச் செயல் அதிகாரி வேண்டும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தணிக்கைக் குறைகளின் பட்டியல்தான். ஒரே குறை மூன்று தணிக்கைகளில் திரும்ப வந்திருந்தால், அங்கே தேவைப்படுவது தரப்பிரிவுத் தலைவர். ஆர்டர் இருந்தும் சரக்கு தாமதமாகப் போகிறதென்றால் ஆலைத் தலைவர். தலைமைச் செயல் அதிகாரி என்ற பெயர், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியாதபோது வாயில் வருகிற பெயர்.

ஒரு தாளில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். இன்று எது நடக்கவில்லை, பதினெட்டு மாதத்தில் எது நடந்திருக்க வேண்டும், அதற்கு நீங்கள் எவ்வளவு செலவு செய்யத் தயார். மூன்றாவது வாக்கியம் இல்லாத தாளை வைத்து ஆள் தேடினால், வருகிறவருக்குப் பொறுப்பு இருக்கும், கையில் காசு இருக்காது.

இப்போது எந்த நாற்காலிக்குப் போட்டி அதிகம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மருந்து ஆலை எப்படி இருக்க வேண்டும், உற்பத்தி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும், மருந்து விதிகளின் திருத்திய எம் அட்டவணை 2023 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்டது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு ஆறு மாதமும் மற்றவற்றுக்கு ஓராண்டும் அவகாசம். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் விண்ணப்பித்தவற்றுக்கு அது 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மருந்துத் தர அமைப்பு, தர இடர் மேலாண்மை, ஆண்டுதோறும் ஒவ்வொரு மருந்துக்கும் தர மறுஆய்வு என்று சிறிய ஆலைகளும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதாயிற்று. இதையெல்லாம் செய்து பழகியவர்களை எல்லா ஊரும் சேர்ந்து தேடுகிறது. ஆகவே தரப்பிரிவுத் தலைவரைத் தேடுகிறீர்கள் என்றால் மற்ற பதவிகளைவிடக் கூடுதலாக மூன்று நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையெழுத்துப் பட்டியலைச் சம்பளத்துக்கு முன் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை மாலை. பாராசிட்டமால் மாத்திரையின் ஒரு பேட்ச் (ஒரே முறையில் தயாரித்த தொகுதி) சோதனையில், லேபிளில் சொன்ன மருந்தளவில் 94.2 சதவீதம் வந்திருக்கிறது. 95க்குக் குறையக்கூடாது. லாரி கேட்டில் நிற்கிறது. சேர்ந்து ஐந்து மாதமான தரப்பிரிவுத் தலைவர், ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் மறுசோதனை கிடையாது என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். முதலாளி, ஓய்வுபெற்ற பழைய கெமிஸ்ட்டை வரவழைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். மூன்றாம் முறை 95.3 வந்தது. லாரி போயிற்று. திங்கள்கிழமை காலை தரப்பிரிவுத் தலைவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மேசையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. "சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்" என்று அந்த முதலாளி என்னிடம் சொன்னார். நான் கேட்கப் போகவில்லை.

அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நிறுவனம் செய்யும் குற்றத்துக்கு அப்போது அதன் நடத்தைக்குப் பொறுப்பாக இருந்தவர்களையும் குற்றவாளிகளாகக் கருதுகிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பொறுப்பு அவர் தலையிலும் முடிவு வேறொருவர் கையிலும் இருக்கிற இடத்தில் புத்தியுள்ளவர் இருக்க மாட்டார்.

ஆகவே ஒரு பக்கத்தில் பட்டியல் போடுங்கள். பேட்சை வெளியிடுவது, நிராகரிப்பது, சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது, மூலப்பொருள் விற்பவரை ஏற்பது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். தரம் சார்ந்த வரிகளில் முதலாளியின் பெயர் இருக்கக் கூடாது. உற்பத்தித் தலைவரும் தரக் கட்டுப்பாட்டுத் தலைவரும் ஒருவருக்கொருவர் கட்டுப்படாதவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. தரப்பிரிவை ஆலைத் தலைவருக்குக் கீழே வரைந்த அமைப்பு வரைபடங்களை இன்றும் பார்க்கிறேன். விஷயம் தெரிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததுமே எழுந்துவிடுவார்.

இந்தப் பக்கம் பின்னால் நியமனக் கடிதத்தின் இணைப்பாகப் போகும். வாய்ச்சொல்லாக இருந்தால் முதல் மாதக் கடைசியிலேயே மறந்துபோகும்.

3. சட்டம் கேட்கும் தகுதியை முதலில் வடிகட்டுங்கள்

ஆலைக்குள் உற்பத்தியைத் தன் நேரடிப் பார்வையில் நடத்துபவருக்கு மருந்து விதிகள் தகுதி சொல்கின்றன. பொதுவாக, மருந்தியல் பட்டதாரியானால் பட்டத்துக்குப் பின் உற்பத்தியில் பதினெட்டு மாத அனுபவம். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியானால் மூன்று ஆண்டு. அவருடைய பெயர் உரிம அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். நமக்கு அது தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம்.

இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் அனுபவச் சான்றிதழ் எந்த வகை மருந்துக்கு என்பது முக்கியம். வாழ்நாள் முழுவதும் மாத்திரைப் பிரிவில் இருந்தவரை ஊசிமருந்துப் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஒப்புதலுக்கு அலைந்த கதை உண்டு. பழைய நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழ்களையும் ஒப்புதல் கடிதங்களையும் ஆஃபர் கொடுக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஆலையிலிருந்து சான்றிதழ் வாங்குவது சாமானிய வேலை இல்லை.

விற்பனைத் தலைவருக்கு இந்தப் படி வேறு. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதித்தொகுப்பு, மருத்துவர்களுக்குப் பரிசும் வெளிநாட்டுப் பயணமும் கொடுப்பதைத் தடுக்கிறது. விதிகளைப் பின்பற்றினோம் என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஆண்டுதோறும் உறுதிமொழி தர வேண்டும். "டாக்டர்களை எனக்குத் தெரியும்" என்பதை மட்டுமே தகுதியாகச் சொல்கிறவரிடம், அந்தப் பழக்கம் எதில் நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

4. பணக் கணக்கை அவருடைய பக்கத்திலிருந்து போடுங்கள்

"மதுரையில் வாடகை குறைவு, செலவு குறைவு, அதனால் சம்பளமும் கொஞ்சம் குறைவு" என்ற வாதத்தைத் தயவுசெய்து வைக்காதீர்கள். வருகிறவருக்கு அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது. மகன் ஹைதராபாத்தில் விடுதியில் தங்கிப் படிப்பான். அவருக்கு இரண்டு ஊர்ச் செலவு.

அவர் எதை விட்டுவிட்டு வருகிறார் என்பதை வரிவரியாக எழுதுங்கள். நிலையான சம்பளம் ஒரு வரி. மார்ச் கணக்கு முடிந்தபின் வரவேண்டிய ஊக்கத்தொகை இன்னொரு வரி. இடையில் விலகினால் அது போய்விடலாம். பணிக்கொடை மூன்றாவது வரி. ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி முடியாமல் விலகுகிறவருக்குப் பொதுவாக அது கிடையாது. மாத அடிப்படைச் சம்பளம் 2,00,000 ரூபாய், பணி நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்தை 26ஆல் வகுத்து 15ஆலும் 4ஆலும் பெருக்கினால் சுமார் 4,61,500 ரூபாய். அவர் அதை விட்டுவிட்டு வருகிறார். இதைச் சேரும்போது ஒருமுறைத் தொகையாகக் கொடுக்கலாம். பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளலாம்.

மாதச் சம்பளத்தை ஏற்றி இதை ஈடுகட்டாதீர்கள். ஒருமுறை ஏறிய மாதச் சம்பளம் இறங்காது. இருபது ஆண்டாக இருக்கும் மேலாளர் அதைத் தெரிந்துகொள்ளும் நாளில் உங்களுக்கு இன்னொரு தலைவலி. அவர் தெரிந்துகொள்வார், அதில் சந்தேகம் வேண்டாம்.

5. வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடமிருந்து தேடலைத் தொடங்குங்கள்

ஹைதராபாத், விசாகப்பட்டினம், கோவா, அங்கலேஷ்வர், இமாசலப் பிரதேசத்தின் பத்தி (Baddi) ஆகிய இடங்களின் ஆலைகளில் தென்மாவட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் கல்லூரியிலோ சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலோ படித்துவிட்டு வடக்கே ரயில் ஏறியவர்கள். இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயது. அப்பாவுக்குச் சிவகங்கையில் கண் தெரியவில்லை, அம்மா அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறார். திரும்பி வர ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கிறவரிடம் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

அவர்களைப் பிடிக்க நல்ல நேரம் பொங்கல் வாரம். ஊருக்கு வந்திருப்பார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு மணி நேரம் காபி குடிக்க வரச் சொல்லுங்கள், ஆலைக்கு வேண்டாம். மருந்துத் துறை சின்ன உலகம். கேட்டில் அவரைப் பார்த்த ஒரு மூலப்பொருள் விற்பனையாளர் போதும், மாலைக்குள் அவருடைய இன்றைய முதலாளிக்குச் செய்தி போய்விடும்.

ஆள் தேடித் தரும் நிறுவனத்தை வைத்தால், முன்பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக மட்டும் தேடுபவரா, பத்து பேருக்கு ஒரே சுயவிவரத்தை அனுப்புபவரா என்று கேளுங்கள். அவர் சேர்த்துவிட்டவர்களில் இரண்டாம் ஆண்டிலும் இருக்கிறவர்கள் யார் என்றும் கேளுங்கள். என்னையும் அப்படியே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க்காரர் என்பதையே தகுதியாக்கிவிடாதீர்கள். சாதி, குலதெய்வம், எந்த ஊர்ப் பக்கம் என்ற விசாரணையில் நேர்காணலைக் கழித்துவிட்டு, அவர் வேலை தெரிந்தவரா என்று பார்க்க மறந்த முதலாளிகளை எனக்குத் தெரியும். வெளி மாநிலத்தவரும் இங்கே நிலைப்பார்கள். அதற்கு எட்டாவது படியில் கூடுதல் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

6. நேர்காணலை ஆலைக்குள் நடத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம். ஓடாத ஆலையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆட்கள் இருக்கும் நாளில், ரகசியம் காக்க வேண்டியிருந்தால் வெளித் தணிக்கையாளர் வருகிற சாக்கில், அழைத்து வாருங்கள்.

பிறகு நீங்கள் பேசாமல் அவர் பின்னால் நடங்கள். அண்மையில் ஒருவரோடு அப்படி நடந்தேன். உடை மாற்றும் அறையில், சுத்தப் பகுதியைப் பிரிக்கும் குறுக்குப் பலகையைத் தாண்டும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறார்கள் என்று நின்று பார்த்தார். அறைகளுக்கு இடையிலான காற்றழுத்த மானியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தொங்கிய பதிவேட்டை எடுத்தார். காலை ஒன்பதரை மணிதான் ஆகியிருந்தது. அதில் பகல் இரண்டு மணிக்கான அளவும் எழுதப்பட்டிருந்தது. யாரிடமும் காட்டவில்லை. தொங்கிய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது: "அந்தப் பதிவேட்டை எழுதும் பையனுக்கு ஒரே நேரத்தில் எத்தனை வேலை கொடுத்திருக்கிறார்கள்?" அவரைத்தான் எடுக்கச் சொன்னேன். தவறைக் கண்டுபிடிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு.

இயந்திரங்களை மட்டும் பார்த்துப் பாராட்டுகிறவரிடம் கவனமாக இருங்கள். எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டும் என்று முதல் சுற்றிலேயே சொல்கிறவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

உட்கார்ந்து பேசும்போது இரண்டே கேள்வி. "நீங்கள் நிறுத்திய ஒரு பேட்சைப் பற்றிச் சொல்லுங்கள்." "நீங்கள் வெளியிட்டுவிட்டுப் பின்னால் வருந்திய ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்." முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரண்டாவதுக்குச் சற்றுத் தயங்கி, மாதம், மருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாகச் சொல்கிறவர் உண்மையைச் சொல்கிறார்.

7. பின்னணியை விசாரியுங்கள், ஆனால் பார்த்துப் பேசுங்கள்

அவர் தரும் பெயர்கள் அவரைப் புகழும் பெயர்களாகவே இருக்கும். முன்பு அவருக்குக் கீழே வேலை செய்து இப்போது வேறு இடத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். தற்போதைய நிறுவனத்துக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். அவர் வேலையே போய்விடும்.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் ஆலையிலிருந்து வருகிறார் என்றால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இணையதளத்தில் எச்சரிக்கைக் கடிதங்கள் பொதுவில் இருக்கின்றன. அவர் இருந்த ஆலை, அவர் இருந்த ஆண்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதம் வந்திருந்தாலே அவரை ஒதுக்கிவிடாதீர்கள். ஆய்வு முடிந்து குறைகள் தரப்பட்ட பின் பதினைந்து வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் அவர் எந்த அறையில் உட்கார்ந்து என்ன எழுதினார் என்று கேளுங்கள். தீயை அணைத்துப் பழகியவர் உங்களுக்குப் பயன்படுவார். இயக்குநர் பதவி தருவதானால், அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டவரா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. குடும்பத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா. இந்த மூன்றைக் காட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சுற்றுலா வந்தவர்களுக்கு எந்த ஊரும் பிடிக்கும்.

அவர்களுக்குக் காட்ட வேண்டியவை வேறு. பிள்ளைக்கு எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்தப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது. மனைவி வேலை பார்ப்பவர் என்றால் இங்கே யாரைப் போய்ப் பார்க்கலாம். அப்பாவுக்கு டயாலிசிஸ் தேவையென்றால் எந்த மருத்துவமனை. வாடகை வீடு எங்கே. கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பள்ளி, கடை எல்லாம் பக்கத்தில் இருக்கும், ஆனால் கப்பலூருக்கு நகரைக் குறுக்கே தாண்ட வேண்டும். திருநகர் பக்கம் ஆலைக்கு அருகில். காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையில் அவர்களையே ஒருமுறை காரில் அழைத்துப் போங்கள். பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

வெளி மாநிலத்தவர் என்றால் மொழி பெரிய விஷயம். பள்ளியில் என்ன மொழி, அக்கம்பக்கத்தில் யார் பேசுவார்கள் என்பதைப் பார்த்து வையுங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பைக்கு மதுரையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அகமதாபாத் பக்கம் போக வேண்டியவருக்கு மாறித்தான் போக வேண்டும். ஆண்டுக்கு இத்தனை முறை ஊருக்குப் போக டிக்கெட் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மனைவியிடம் தனியாக, கணவர் இல்லாத நேரத்தில், உங்கள் வீட்டுப் பெண்களில் யாராவது ஒருவர் பேசட்டும். "வர விருப்பமா?" என்று கேட்க வேண்டாம். "வந்தால் எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேட்கட்டும். மதுரைக்கு உலகத் தரத்து ஆட்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்பதில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யும் அரோலேப் 1992இலிருந்து இந்த ஊரில்தான் இயங்குகிறது.

9. காலண்டரைப் பார்த்துவிட்டு ஆஃபர் கொடுங்கள்

மூத்த பதவிகளில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் தொண்ணூறு நாள். ஏப்ரல் நடுவில் ஆஃபர் கொடுத்தால் அவர் வருவது ஜூலை நடுவில், அதாவது ஆடி பிறக்கும்போது. ஆடியில் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். ஜூனிலேயே பள்ளி திறந்திருக்கும். அவர் மட்டும் பெட்டியோடு வந்து லாட்ஜில் தங்குவார். "குடும்பம் அடுத்த வருடம் வரும்" என்பார். அந்தக் குடும்பம் வருவதில்லை, அவர்தான் திரும்பிப் போகிறார். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பொங்கலில் சந்திப்பு, ஜனவரி கடைசியில் ஆலைச் சுற்று, பிப்ரவரி நடுவில் ஆஃபர், மே நடுவில் சேர்க்கை, ஜூனில் பள்ளி. இதுதான் நல்ல ஓட்டம். பள்ளி ஏப்ரலில் தொடங்கும் பாடத்திட்டம் என்றால் இடத்தை முன்பே பிடித்து வையுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: இரண்டாம் படியின் கையெழுத்துப் பட்டியல், யாரிடம் பதில் சொல்வது, இருதரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலம், பணி தொடர்பான வழக்கு வந்தால் வழக்குச் செலவு யாருடையது என்பது. கடைசி வரியைப் பல முதலாளிகள் அபசகுனம் என்கிறார்கள். வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

கடிதத்தில் இருக்கக் கூடாதது: "விலகிய பின் இரண்டு ஆண்டு வேறு மருந்து நிறுவனத்தில் சேரக்கூடாது" என்ற மிரட்டல். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட தடை செல்லாது. ரகசியம் காக்கும் நிபந்தனையைத் தெளிவாக எழுதினால் போதும்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து சேரும் நாள் வரை வாரம் ஒருமுறை பேசுங்கள். பழைய நிறுவனம் எதிர் ஆஃபர் கொடுப்பது பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள். அப்போது நீங்கள் மௌனமாக இருந்தால் அவர் அங்கேயே இருந்துவிடுவார்.

10. முதல் நூறு நாள்

பழையவரை விடுவிக்கும் முன் புதியவரின் பெயருக்கு ஒப்புதல் வாங்குங்கள். தொழில்நுட்ப அலுவலர் மாற்றத்தை உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. இருவரும் சில வாரம் சேர்ந்திருக்கும்படி தேதியை அமையுங்கள். இரட்டைச் சம்பளம் என்று கணக்குப் பார்த்து, தகுதியான பெயர் இல்லாமல் ஆலையை நிறுத்தி வைத்தவர்கள் உண்டு.

சேரும் நாளில் எல்லோரையும் கூட்டி, அந்தக் கையெழுத்துப் பட்டியலை முதலாளியே வாசிக்கட்டும். குறிப்பாக இருபத்திரண்டு ஆண்டாக இருக்கும் உற்பத்தி மேலாளர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவருக்கு முந்தைய நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள், மூன்றாம் ஆள் மூலம் தெரியக் கூடாது.

அதன் பிறகு முதலாளிக்குத்தான் பரீட்சை. பழைய ஆட்கள் பழக்கத்தில் நேராக உங்கள் அறைக்கு வருவார்கள். "அண்ணாச்சி, புது சார் இப்படிச் சொல்கிறார்" என்பார்கள். "அவரிடமே கேளுங்கள்" என்று ஐம்பது முறை சொல்ல வேண்டியிருக்கும். ஐம்பத்தோராவது முறை நீங்களே முடிவு சொன்னால், முந்தைய ஐம்பதும் வீண்.

11. இரண்டாம் ஆண்டில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

முதல் ஆண்டு புதுமையில் ஓடிவிடும். பதினாலாம் மாதத்துக்கும் இருபதாம் மாதத்துக்கும் இடையில்தான் ஆள் போகிறார்.

தரப்பிரிவுத் தலைவரின் ஊக்கத்தொகையை மாதம் எத்தனை லாரி போனது என்பதோடு கட்டாதீர்கள். சரக்கை நிறுத்தும் வேலைக்கு ஆளை வைத்துவிட்டு, சரக்குப் போனால்தான் காசு என்றால் என்ன அர்த்தம்? திரும்ப வராத தணிக்கைக் குறைகள், குறித்த நாளில் முடிந்த விசாரணைகள் ஆகியவற்றை அளவுகோலாக வையுங்கள்.

பங்கு தருகிறோம் என்ற பேச்சு இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. ஊழியர் பங்குத் திட்டத்தில், ஒதுக்கியதற்கும் உரிமை கைக்கு வருவதற்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கூட்டாண்மை நிறுவனம் என்றால் கொடுக்கப் பங்கே கிடையாது. பட்டியலிடப்படாத குடும்பக் கம்பெனியின் பங்கை அவர் யாரிடம் விற்பார்? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் பங்கை விடுங்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் இவ்வளவு, ஐந்து முடிந்ததும் இவ்வளவு என்று ரொக்கமாக எழுதிக் கொடுப்பதைத்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

அவருக்குக் கீழே ஒரு துணையை முதல் ஆண்டிலேயே வளர்க்கச் சொல்லுங்கள். துணை இல்லாதவர் விடுமுறை எடுக்க மாட்டார், விடுமுறை எடுக்காதவர் ஒருநாள் மொத்தமாக எடுத்துக்கொள்வார். இரவு பத்து மணி வாட்ஸ்அப் செய்திகளையும் நிறுத்துங்கள். அவசரம் என்றால் போன் செய்யுங்கள். அவசரம் இல்லையென்றால் காலையில் சொல்லுங்கள்.

மகன் வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வருகிறார் என்றால், ஆறு மாதம் முன்பே அதிகாரியை உட்கார வைத்துச் சொல்லுங்கள். மகன் எந்தத் துறையில், யாருக்குக் கீழே. முடிந்தால் இரண்டு ஆண்டு அந்த அதிகாரிக்குக் கீழேயே. இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்ட வீடுகளில், மகன் வந்த மூன்றாம் மாதம் அதிகாரியின் சுயவிவரம் என் மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. கூட்டங்களில் எதிர்த்துப் பேசியவர் சரி சரி என்று தலையாட்டத் தொடங்கினால், சண்டை போடுவதை நிறுத்திவிட்டார் என்று பொருள். அந்த வாரமே வெளியே எங்காவது சாப்பிட அழைத்துப் போய், அண்மையில் அவருடைய எந்த முடிவை மாற்றினீர்கள் என்று நீங்களே யோசித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

12. போகிறவரை ஒழுங்காக அனுப்புங்கள்

எல்லாம் செய்தும் சிலர் போவார்கள். அனுபவச் சான்றிதழையும் விடுவிப்புக் கடிதத்தையும் பிடித்துவைக்காதீர்கள். அடுத்த ஆலையில் அவர் பெயருக்கு ஒப்புதல் வாங்க அவை வேண்டும். நீங்கள் தர மறுத்த செய்தி, அடுத்து நீங்கள் தேடப்போகும் ஆளுக்கு நிச்சயம் போய்ச் சேரும். உரிமத்தில் அவர் பெயரை மாற்றும் விண்ணப்பம், அவர் கையில் இருக்கும் விசாரணைகளின் பட்டியல், கணினிக் கடவுச்சொற்களை ரத்து செய்தல் ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள். பிறகு அவர் மேசையிலிருந்து அந்தக் கையெழுத்துப் பட்டியலை வாங்கி, எந்த வரியில் அவர் கையெழுத்து இல்லாமலேயே வேலை நடந்தது என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த தேடல் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.